அடியில் போன ஆறு பெஞ்சுகள்

அத்தியாயம் பதினான்கு

கடிதம் படகுக்கு வந்து எட்டு நாள் ஆகிவிட்டது.

தபால் பையைப் பிரித்தபோது அவள் அதைத் தனியாக எடுத்து, சுக்கான் அறையில் சரக்குச் சீட்டுகள் செருகும் அட்டையின் பின்புறம் வைத்திருந்தாள். அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள். கணவர் சுக்கானைத் தொடுவார், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார், அட்டையைத் தொடமாட்டார். பதினாறு வருடமாக அது அவளுடைய பொருள்.

நகரத்து விடுதிப் பள்ளியில் மகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்று கடிதம் சொன்னது. வருகிறாளா இல்லையா என்று சனிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியது அவள்தான். கணவருக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியாது. மகளுக்கும் தெரியாது.

இன்றைக்கு வியாழக்கிழமை.

படகு ஊருக்குச் சொந்தமானது. எல்லா வீடும் சேர்ந்து வாங்கியது. ஆற்றோரத்துத் துறைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்கி, டீசலும் பழுதும் போக மிஞ்சுவது பள்ளிக்கூடத்துக்குப் போகும். ஓட்டுவது கணவர். எதை எங்கே வைப்பது என்று சொல்வது அவள். அதனால் ஊரே அவளை மேஸ்திரி என்று கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தை நடத்துவது அவளுடைய தம்பி. ஒரு குடும்பம் ஆளுக்கொரு மூலையாகப் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல இத்தனை வருடம் போயிருக்கிறது. நான்காவது மூலையில் மகளை நிறுத்துவது என்று யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. நிற்கிறாள் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு அனுமதி தருவதா என்று பார்க்க இன்று பதினொரு மணிக்கு அதிகாரி வருகிறார். பன்னிரண்டு பேர் உட்கார இடம் இருக்க வேண்டும். பன்னிரண்டு பேருடைய பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். இடத்துக்கு ஆறு பெஞ்சுகள் செய்யச் சொல்லி, அவை நேற்று மாலைதான் பட்டறையிலிருந்து பெரிய துறைக்கு வந்து சேர்ந்தன. பிள்ளைகளில் பதினொரு பேர் சம்மதித்தாயிற்று. பன்னிரண்டாவது யார் என்று தம்பி அக்காவிடம் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? பன்னிரண்டாவது மேஸ்திரியின் மகள்.

*

காலை ஆறு மணிக்குப் பெரிய துறையில், படகில் சரக்கு ஏற்றும் நெட்டை முதல் பெஞ்சைத் தோளில் வைத்துக்கொண்டு பலகை மேல் ஏறி வந்தான். வார்னிஷ் வாடை இன்னும் போகவில்லை.

அவள் சரக்கறைக்குள் நடுவில் நின்றிருந்தாள். ஏற்றும்போது அவள் அதிகம் பேச மாட்டாள். வலது காலின் கட்டைவிரலால் ஓர் இடத்தைக் காட்டுவாள். சரக்கு அங்கே போய் உட்காரும். வழியில் முதலில் வருவது ஆலைத்துறை, பிறகு நடுத்துறை, கடைசியில் பள்ளிக்கூடத்துறை. அதனால் பள்ளிக்கூடத்துச் சரக்கு எப்போதும் அடியில் போகும். அதன் மேல் நடுத்துறையின் மாவு மூட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே ஆலைத்துறையின் இரும்புத் தகடுகளும் எண்ணெய் டின்களும்.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது கணவர் சொல்லியிருந்தார். "நாளைக்கு நேரா பள்ளிக்கூடத்துறைக்குப் போயிடுவோம். வழியில எங்கயும் நிறுத்த வேணாம். பெஞ்சை இறக்கிட்டு, திரும்பி வரும்போது மத்த ரெண்டையும் பார்த்துக்கலாம்."

அவள் "சரி" என்றாள். மறுபடி சோறு போடட்டுமா என்றும் கேட்டாள். அவ்வளவு தெளிவாக இருந்தாள்.

"மேஸ்திரி, இத எங்க?" என்றான் நெட்டை.

அவள் கால் கட்டைவிரல் அடித்தளத்தைக் காட்டியது.

நெட்டை நகரவில்லை. "அடியிலயா?"

"எப்பவும் போல."

"எப்பவும் போலவா?"

"காதுல விழலியா உனக்கு?"

"என் காது கொஞ்சம் ஒசரத்துல இருக்கு மேஸ்திரி. சத்தம் ஏறி வர நேரமாகும்" என்று சொல்லி, பெஞ்சை அவள் காட்டிய இடத்தில் வைத்தான்.

ஆறு பெஞ்சுகளும் கால்களை ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு அழகாகப் படுத்தன. அதன் மேல் தார்ப்பாய். தார்ப்பாயின் மேல் மாவு மூட்டை எண்பது. அதன் மேல் தகடு. தகட்டின் மேல் டின். ஒன்றரை மணி நேரம் ஆனது. படகு ஒரு பக்கமும் சாயாமல் நீரில் சமமாக உட்கார்ந்தது. சுக்கான் அறையிலிருந்தே நீர்மட்டத்தை எட்டிப் பார்த்த கணவர், "கண்ணாடி வெச்ச மாதிரி இருக்கு" என்று பாராட்டினார்.

*

ஆலைத்துறையைத் தாண்டும்போது அங்கே நின்றிருந்த ஆள் கையை ஆட்டினார். நிற்காமல் போகிறது என்று புரிந்ததும் கை பாதியில் நின்றது. பிறகு என்ன திட்டினார் என்பது இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை.

"உன் தம்பி ராத்திரியே சட்டைக்கு இஸ்திரி போட்டிருப்பான்" என்றார் கணவர். "கல்யாண மாப்பிள்ளையாட்டம் துறையில நிப்பான் பாரு."

அவள் இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள்.

"பெஞ்சு மேலதானே இருக்கு? போன உடனே ஆளுக்கொண்ணா தூக்கினா பத்து நிமிஷம்."

அவள் டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கவில்லை, சுக்கானில் இரண்டு கையும் இருந்தது. அவள் கை நீட்டியபடியே இருந்தது. டீ ஆடி விளிம்பு வரை வந்து திரும்பியது.

"அடியில இருக்கு" என்றாள்.

"எது?"

"பெஞ்சு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். "எதுக்கு அடியில?"

"எல்லாத்துக்கும்."

அவர் கோபக்காரர் அல்ல. கோபம் வரவேண்டிய இடங்களில் அவருக்குச் சந்தேகம்தான் வரும். அதையும் உடனே கேட்டுவிட மாட்டார்.

"நேத்து சொன்னேனே" என்றார்.

"சொன்னீங்க."

"பதினாறு வருஷத்துல நீ ஒரு மூட்டையை மாத்தி வெச்சதில்ல."

"ஆமா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. டம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டார். "மாப்ள, ஆம்பளை பொம்பளை எல்லாரையும் துறைக்கு வரச்சொல்லு. பெஞ்சு வருது. ஆனா ஒரு கதையோட வருது."

அவள் சரக்கறையின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். தன்னை ஒருமுறை சோதித்துப் பார்க்க நினைத்தாள். ஒரு மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள் அல்லவா, எங்கே கிழிந்திருக்கிறது, எங்கே நனைந்திருக்கிறது என்று. அப்படி.

கால் தானாகப் போனது. அது உண்மை. ஆயிரம் காலைகளில் போன இடத்துக்குப் போனது. ஆனால் நெட்டை இரண்டு முறை கேட்டான். இரண்டாவது முறை கேட்டபோது அவளுக்குள் ஏதோ ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அது என்ன என்று இப்போது தேடினால் கிடைக்கவில்லை.

அவளும் எட்டாவது வரை அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். அப்போது ஒன்பதாவதுக்கு வெளியே போகப் பணமும் இல்லை, துணையும் இல்லை. அதற்காக அவள் அழுததாக நினைவில்லை. ஆனால் மகள் பன்னிரண்டு வயதில் ஒருநாள் படகில் உட்கார்ந்து, "அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?" என்று கேட்டபோது, "பெரிய துறை" என்று பதில் சொன்னாள். "அதுக்கும் அந்தப் பக்கம்?" என்றாள் மகள். அதற்குப் பதில் தெரியவில்லை. வாரத்துக்கு ஆறு நாள் ஆற்றில் போகிறவளுக்குப் பெரிய துறையோடு உலகம் முடிந்துவிடுகிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மேஸ்திரியின் மகள் என்று ஒருவரும் கூப்பிடாத ஓர் இடத்தில் அவள் கொஞ்ச காலம் நடக்கட்டும் என்று தோன்றியது. விண்ணப்பத்தை நிரப்பினாள்.

அதை வெளியே சொல்வதுதான் முடியாத காரியமாக இருந்தது. போன வருடம் ஊர்க்கூட்டத்தில், மூத்த பையனை வெளியூர்ப் பள்ளிக்கு அனுப்பிய தையல்காரரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டவள் அவள்தான். "நம்ம படகு ஓடுறது யாருக்காக அண்ணே? ஒவ்வொருத்தரா தூக்கிட்டுப் போனா கடைசியில வாத்தியாருங்க சுவத்துக்கா பாடம் நடத்துவாங்க?" என்றாள். கை தட்டினார்கள். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். அவருடைய சின்னப் பெண்தான் இன்றைய பட்டியலில் பதினொன்றாவது.

*

ஒன்பதே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்துறை தெரிந்தது. கணவர் சொன்னபடியே தம்பி நின்றான், வெள்ளைச் சட்டையில். அவனுக்குப் பின்னால் முப்பது பேர்.

"பெஞ்சு எங்கக்கா?" கயிறு கட்டும் முன்பே கேட்டுவிட்டான்.

"கீழ."

"கீழன்னா?"

"எல்லாத்தையும் எடுத்தா வரும்."

அவன் சரக்கறைக்குள் எட்டிப் பார்த்தான். டின்கள் வெயிலில் பளபளத்தன. "இன்னிக்குப் போயா அக்கா? ஒரு நாள். மூணு வருஷமா ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு வாங்கின ஒரே ஒரு நாள். யாரு ஏத்தினது இத?"

"நான்தான் சார்" என்றான் நெட்டை. "தூக்கக் கலக்கம்."

"அவன் இல்ல. அவன் ரெண்டு தடவை கேட்டான். நான்தான் அடியில வைக்கச் சொன்னேன்" என்றாள் அவள்.

அக்காவைத் திட்டித் தம்பிக்குப் பழக்கமில்லை. "மறந்துட்டியா?" என்றான். யாரும் பதில் சொல்வதற்குள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "அக்கா மறந்துட்டாங்க! பரவால்ல! எல்லாரும் வாங்க!" என்று கத்தினான்.

மூட்டைகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுப் பெஞ்சை உருவ முடியாது. அவ்வளவு எடை ஒரு பக்கம் போனால் படகு சாய்ந்துவிடும். அத்தனையும் கரைக்கு வர வேண்டும். துறையிலிருந்து மேடு வரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். டின் முதலில் கை மாறிப் போனது. தகட்டுக்கு நாலு நாலு பேர். அடுத்து மாவு.

"தூக்குங்க தூக்குங்க" என்றார் தையல்காரர், ஒரு மூட்டையை வாங்கியபடி. "மேஸ்திரிக்கே மறதி வருதுன்னா நமக்கெல்லாம் வயசாகிடுச்சுன்னு அர்த்தம். நான் ஒரு தடவை மேல்சட்டைக்கு மூணு கை வெச்சுத் தெச்சேன், யாராச்சும் என்னை மன்னிச்சீங்களா?"

சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பது சுலபமாகத்தான் இருந்தது.

"ஆனா ஒண்ணு மேஸ்திரி" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "அன்னிக்கு நீங்க கேட்டது சரிதான். வீட்டுக்குப் போய் யோசிச்சேன். சின்னவளை இங்கயே வெச்சுக்கிட்டேன். உங்க பொண்ணு இருக்கிற வகுப்புன்னா எனக்கும் தைரியம்."

அவள் அடுத்த மூட்டையைத் தூக்கிக் கொடுத்தாள்.

அப்போதுதான் மகள் வந்தாள். பதினாலு வயதாகியும் வீட்டில் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். பாவாடையைச் சொருகிக்கொண்டு வரிசையின் நடுவில் நுழைந்து, ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, "நில்லுங்க, நில்லுங்க. இப்படிக் கலந்து போட்டா திரும்ப ஏத்தும்போது எது யாரோடதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

"பொண்ணு அம்மாவைத் தூக்கிச் சாப்பிட்டுடும்" என்றான் நெட்டை.

"அம்மா, சீட்டு எங்க?"

அவள் முதுகில் அப்போது ஒரு மூட்டை இருந்தது. "சுக்கான் ரூம்ல, அட்டையில" என்றாள்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அன்றைக்கு இரண்டாவது தடவையாக அவள் எப்பவும் போலச் செய்திருந்தாள்.

மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது மகள் ஏற்கெனவே ஏணியில் ஏறியிருந்தாள். சுக்கான் அறைக்குப் போக எட்டு அடி. சீட்டுக் கட்டை உருவ ஒரு நொடி. மகள் அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். எவ்வளவு அதிகம் என்று சொல்வது கடினம். அதற்குள் அம்மாவின் கையிலிருந்து நாலு மூட்டை போயிருந்தது.

மகள் வெளியே வந்தாள். கையில் சீட்டுகள் மட்டும் இருந்தன. முகத்தில் எதுவும் இல்லை. நேராகக் கரைக்குப் போய், சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு கோடு கிழித்தாள். "இந்தப் பக்கம் நடுத்துறை! அந்தப் பக்கம் ஆலை! மாமா, உங்க சட்டையில மாவு!"

பத்து ஐம்பதுக்கு முதல் பெஞ்சு வெளியே வந்தது. நெட்டை அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட, கரையில் கை தட்டினார்கள். வார்னிஷில் மாவு ஒட்டியிருந்தது. இரண்டு பெண்கள் முந்தானையால் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள்.

ஆறாவது பெஞ்சும் போன பிறகு சரக்கறை காலியானது. தார்ப்பாயை மடிக்க மகள் இறங்கி வந்தாள். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீ மறந்துட்டேன்னு மாமா எல்லார்கிட்டயும் சொல்றாரு" என்றாள் மகள்.

"ம்."

"மறந்துட்டியா?"

"தெரியல."

மகள் தலையை ஆட்டினாள், கணக்குக்குச் சரியான விடை வந்துவிட்டது போல. தார்ப்பாய் பாதியானது. கால் ஆனது. முனைகளைச் சேர்க்கும்போது இருவர் விரல்களும் தொட்டுக்கொண்டன. மகளின் விரல்களில் சுண்ணாம்பு இருந்தது.

"அதிகாரி லாஞ்சு வந்துடுச்சு" என்று மேலேயிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

*

அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. ஆற்றுப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வகுப்பறைக்குள் வந்ததும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தபோது வார்னிஷ் லேசாகப் பிடித்து இழுத்தது. யாரும் சிரிக்கவில்லை.

"புதுசா?" என்றார்.

"நேத்துதான் வந்துச்சுங்க" என்றான் தம்பி.

அவர் சுவரைப் பார்த்தார், சன்னலைத் திறந்து மூடினார், பெஞ்சுகளை எண்ணினார். பன்னிரண்டு பேரையும் உட்காரச் சொன்னார். மகள் கடைசி பெஞ்சில், தையல்காரர் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரோரமாகப் பெற்றோர். முக்கால்வாசிப் பேரின் தலையிலும் தோளிலும் மாவு.

"இங்க என்ன நடந்துச்சு?" என்றார் அதிகாரி.

"கொஞ்சம் சரக்கு இறக்க வேண்டியிருந்ததுங்க" என்றான் தம்பி.

பதிவேட்டைத் திறந்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தான். எழுதிப் பழக்கமில்லாதவர்கள் இடம் தவறிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. எதையும் முன்கூட்டியே யோசிக்கிறவன்.

ஒவ்வொருவராகப் போனார்கள். தையல்காரர் ஊசி கோர்ப்பது போலக் குனிந்து போட்டார். பதினொன்று முடிந்தது.

"பன்னெண்டாவது?" என்றார் அதிகாரி.

கணவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார், நீ போடு என்று. இந்தப் பள்ளிக்கூடம் உன்னுடையது என்று சொல்வதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது.

அவள் மேசைக்கு நடந்தாள். பேனாவை எடுத்தாள். மகளின் பெயருக்கு எதிரே பென்சில் குறி காத்திருந்தது. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு பெஞ்சும் திரும்பப் படகேறும்; தம்பி அடுத்த வருடம் மறுபடி அலைவான்; அறை முழுக்க நிற்கிற மாவு பூசிய முகங்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பும். சொல்லாவிட்டால் மகள் இந்தப் பெஞ்சில் இருப்பாள். இரண்டையும் அவள் தெளிவாகப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய சரக்கைப் பார்ப்பது போல.

நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தாள். மகளும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடும்மா" என்றாள் மகள். "அவங்களுக்கு நேரமாகுது."

அவள் போட்டாள். பேனாவை மேசையில் வைத்தாள்.

அதிகாரி பதிவேட்டை மூடித் தம்பியிடம் கொடுத்தார். "அனுமதிக்கு எழுதுறேன். ஆனா ஒண்ணு. பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்கு நானே வருவேன். இந்தப் பன்னெண்டு பேரும் இதே இடத்துல உட்கார்ந்திருக்கணும். பதினொண்ணு இருந்தா ஒன்பதாம் வகுப்பு கிடையாது. அப்புறம் என்கிட்ட வந்து கெஞ்சக் கூடாது."

"பன்னெண்டும் இருக்குங்க" என்றான் தம்பி. அவன் கண் கலங்கியிருந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். மாவு இருவருக்கும் ஒட்டியது. "நீ இல்லாட்டி இது இல்லக்கா. காலையில ஏதோ கத்திட்டேன்."

"நீ கத்தவே இல்லடா" என்றாள்.

*

திரும்ப ஏற்றும்போது அவள் வாயால் சொல்லியே ஏற்றினாள், கால் கட்டைவிரலை நம்பவில்லை. "ஆலைத்துறை அடியில. நடுத்துறை மேல." நெட்டை ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னான். மகள் கரையில் நின்று சீட்டைப் பார்த்து எண்ணிக்கை சொன்னாள். எல்லாம் முடிந்ததும் சீட்டுகளைச் சுக்கான் அறையில் வைத்துவிட்டு, பலகை வழியாக இறங்கி, திரும்பிப் பார்க்காமல் மேட்டில் ஏறிப் போனாள்.

படகு கிளம்பி முதல் வளைவு திரும்பும் வரை அவள் சுக்கான் அறைக்குள் போகவில்லை. கணவர் இயந்திரத்துக்கு எண்ணெய் பார்க்கக் கீழே இறங்கும்போது, "கொஞ்சம் பிடிச்சுக்க" என்றார். நேரான இடத்தில் அவள் சுக்கான் பிடிப்பதுண்டு.

ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். மறு கையால் அட்டையைத் திருப்பினாள்.

கடிதம் அங்கேதான் இருந்தது. உறைக்குள் அவள் இரண்டாக மடித்து வைத்திருந்தது இப்போது நான்காக மடிந்திருந்தது. கடிதத்தோடு வந்த பதில் தாளில், மாணவியின் பெயர் என்ற இடத்தில், மகளின் சின்னச் சின்ன நேரான எழுத்தில் மகளின் பெயர் இருந்தது. தாளின் ஓரத்தில் சுண்ணாம்பு விரல் தடம்.

வருகிறேன், வரவில்லை என்ற இரண்டு கட்டங்களும் காலியாக இருந்தன.

அவள் காலடியில், பெரிய துறைக்குப் போக வேண்டிய தபால் பை வாய் திறந்து கிடந்தது.

தாளின் அடியில், பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.